ராத்திரி 2 மணிக்குப் போன 2,140 ஓடிபி: பாட்களை வாசல்லேயே நிறுத்துறது எப்படி?



பொங்கலுக்கு ஊருக்குப் போக தட்கல் போட்ட அனுபவம் உங்கள்ல நிறைய பேருக்கு இருக்கும். காலை 10 மணிக்கு ஏசி, 11 மணிக்கு ஸ்லீப்பர். 9:58-க்கே லாகின் பண்ணி, பயணி பேரெல்லாம் ரெடியா வச்சு, விரல் நுனியில உட்கார்ந்திருப்பீங்க. பேமெண்ட் பக்கம் வர்றதுக்குள்ள வெயிட்டிங் லிஸ்ட். "நமக்கு முன்னாடி இவ்வளவு வேகமா யாருடா டைப் பண்ணான்?" என்று தோணும். பல சமயம் அது ஆளே இல்லை. தட்கல் திறக்கிற முதல் 5 நிமிஷத்துல வர்ற லாகின் முயற்சிகளில் 50 சதவீதம் வரைக்கும் பாட் என்று 2025 ஜூன் மாசம் ரயில்வே அமைச்சகமே சொன்னது.

பாட் என்றால் பெரிய ரகசியம் ஒண்ணும் இல்லை. மனுஷன் செய்யுற கிளிக்கை, டைப்பிங்கை, ஆள் இல்லாமல் தானா செய்யுற ஒரு ப்ரோகிராம். அவ்வளவுதான்.

"பர்சனல் ஃபைனான்ஸ் சேனல்ல இதெல்லாம் எதுக்கு?" என்று கேட்காதீங்க. நம்ம சைடு இன்கம் வீடியோக்களைப் பார்த்து பிளாக், ஆன்லைன் கோர்ஸ், சின்ன கால்குலேட்டர் சைட் ஆரம்பிச்சவங்க நிறைய பேர் இருக்கீங்க. உங்க சைட்டுக்கு வர்ற ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டும் ஒரு செலவு. மனுஷன் வந்தால் அந்தச் செலவுக்கு ஒரு வரவு இருக்கலாம். பாட் வந்தால் செலவு மட்டும்தான். நான் ஒரு சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட், சாஃப்ட்வேர் இன்ஜினியர் கிடையாது. இதைப் பாடமா படிச்சும் கத்துக்கலை, பணம் கட்டித்தான் கத்துக்கிட்டேன்.

என் கதை

வரி பற்றிய ஒரு இலவச வெபினாருக்குப் பதிவு பண்ண நம்ம சைட்ல ஒரு ஃபார்ம் வச்சிருந்தேன். பேரு, மொபைல் நம்பர், "ஓடிபி அனுப்பு" பட்டன். எஸ்எம்எஸ் சேவைக்கு முன்பணமா போட்டு வச்சிருந்த தொகை 12,000 ரூபாய். ஒரு சனிக்கிழமை காலையில எழுந்து பார்த்தால் மிச்சம் 872 ரூபாய்!

ராத்திரி 2 மணிக்கு ஆரம்பிச்சு விடியறதுக்குள்ள 2,140 ஓடிபி போயிருந்தது. ஒண்ணுகூட இந்திய நம்பருக்கு இல்லை. நம்ம நாட்டு நம்பருக்கு ஒரு எஸ்எம்எஸ் எனக்கு 20 பைசா பக்கம்தான் ஆகும். இது சராசரியா 5 ரூபாய் 20 பைசா. அந்த 2,140-ல எத்தனை பேர் ஓடிபியைத் திரும்ப டைப் பண்ணாங்க தெரியுமா? பூஜ்யம்.

யாருக்கு இதுல லாபம் என்று எனக்கு முதல்ல புரியலை. விசாரிச்சால் இதுக்கு எஸ்எம்எஸ் பம்பிங் என்று பேரே இருக்கு. வெளிநாட்டுல சில நம்பர் வரிசைகளுக்குப் போகிற ஒவ்வொரு எஸ்எம்எஸ் கட்டணத்திலும் அந்த நம்பர்களை வச்சிருக்கிறவனுக்கு ஒரு பங்கு போகும். அவன் ஒரு பாட்டை எழுதி, ஊர்ல இருக்கிற ஓடிபி ஃபார்ம்களை எல்லாம் தேடிப்பிடிச்சு, தன் நம்பர்களுக்கே ஓடிபி வரவழைப்பான். நம்ம காசு அவன் பாக்கெட்டுக்குப் போகும். ஏமாந்தது நான் மட்டும் இல்லை என்பதில் ஒரு சின்ன ஆறுதல்: இதே வகை மோசடியால ட்விட்டர் வருஷத்துக்கு 6 கோடி டாலர் இழக்குதுன்னு எலான் மஸ்க் சொல்லியிருக்கார். 2023 மார்ச்ல சந்தா கட்டாதவங்களுக்கு எஸ்எம்எஸ் வழி இரட்டைப் பாதுகாப்பையே நிறுத்திட்டாங்க.

எஸ்எம்எஸ் கம்பெனியைக் குத்தம் சொல்ல முடியாது. வெளிநாட்டு நம்பர்களை அடைக்கிற சுவிட்ச் அவங்க டாஷ்போர்டுலயே இருந்தது. நான்தான் போடலை. வெபினார் தமிழ்ல, இந்திய வருமான வரி பற்றி. அதுக்கு எதுக்கு உலகத்துல இருக்கிற எல்லா நாட்டு நம்பருக்கும் கதவைத் திறந்து வச்சேன்?

கேஷ்புக், பாஸ்புக் மாதிரி ஒப்பிட்டுப் பாருங்க

இதுக்கப்புறம்தான் சைட்டோட லாகை முதல்முறையா திறந்தேன். சர்வர் லாக் என்பது வாசல்ல இருக்கிற வாட்ச்மேன் நோட்டு மாதிரி. எந்த ஐபி முகவரி, எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம், எந்த பிரவுசர் என்று சொல்லிக்கிட்டு வந்தது, எல்லாம் ஒவ்வொரு வரியா பதிவாகியிருக்கும்.

எங்க தொழில்ல பேங்க் ரீகன்சிலியேஷன் என்று ஒண்ணு உண்டு. நம்ம கேஷ்புக்கையும் பேங்க் பாஸ்புக்கையும் பக்கத்துல பக்கத்துல வச்சு, எங்கெல்லாம் வித்தியாசம் வருதோ அதுக்கெல்லாம் காரணம் தேடுவோம். அதையே இங்கே செஞ்சேன். ஒரு வாரத்துல என் பழைய ரெஜிம் / புதிய ரெஜிம் கால்குலேட்டர் பக்கத்தை 61,400 தடவை கேட்டிருக்காங்கன்னு சர்வர் லாக் சொன்னது. கூகுள் அனலிடிக்ஸ் சொன்னது 9,800. வித்தியாசம் 51,600.

ஏன் இந்த வித்தியாசம்? அனலிடிக்ஸ் ஒரு ஜாவாஸ்கிரிப்ட். பக்கம் முழுசா ஒரு பிரவுசர்ல ஓடினால்தான் அது எண்ணும். சாதாரண பாட் பக்கத்தோட எழுத்தை மட்டும் உருவிக்கிட்டுப் போயிடும், ஸ்கிரிப்டை ஓட்டாது. அதனால வாட்ச்மேன் நோட்டுல இருப்பான், கணக்குல இருக்க மாட்டான். வித்தியாசம் முழுக்க பாட்தான்னு முடிவு கட்டிடாதீங்க. விளம்பரத் தடுப்பான் வச்சிருக்கிற நிஜ வாசகர்களும் அதுல இருப்பாங்க. கூகுள், பிங் மாதிரி தேடுபொறிகளோட பாட்களும் இருக்கும், அதுங்க நமக்கு வேணும்.

வித்தியாசத்தைப் பிரிச்சுப் பார்த்தப்போ சில அடையாளங்கள் திரும்பத் திரும்ப வந்தது. மனுஷன் பக்கத்தைத் திறந்தால் கூடவே படம், டிசைன் ஃபைல் எல்லாம் சேர்த்து இறங்கும். இதுங்க பக்கத்தை மட்டும் கேட்டது. மனுஷன் படிப்பான், யோசிப்பான், டீ குடிக்கப் போவான். இதுங்க சரியா 2 செகண்டுக்கு ஒரு தடவை, மணிக்கணக்கா. ஐபி முகவரிகளோ வீட்டு பிராட்பேண்டும் இல்லை, மொபைல் நெட்டும் இல்லை, வாடகை சர்வர் விடுற டேட்டா சென்டர்கள். வரி கணக்கு போடணும்னு யாராவது டேட்டா சென்டர்ல குடியிருப்பாங்களா?

எல்லாத்தையும் விட நல்ல அடையாளம் விகிதம். போன ஓடிபி எத்தனை, திரும்ப வந்தது எத்தனை? லாகின் முயற்சி எத்தனை, ஜெயிச்சது எத்தனை? மனுஷங்க பாஸ்வேர்டு மறப்பாங்கதான். ஆனா 100-க்கு 99 பேர் மறக்க மாட்டாங்க. இந்த ஒரு விகிதத்தை வாரா வாரம் பார்த்திருந்தாலே என் 11,128 ரூபாய் தப்பிச்சிருக்கும் என்று சொல்ல ஆசை. உண்மையில அந்த ஒரே ராத்திரியில எந்த வாரக் கணக்கும் காப்பாத்தியிருக்காது. அதுக்கு வாசல்லயே ஆள் வேணும்.

ஒரு விஷயம் மட்டும் கவனமா இருங்க. பிரவுசர் பேரை நம்பி எதையும் முடிவு பண்ணாதீங்க. அது விசிட்டிங் கார்டு மாதிரி, யார் வேணும்னாலும் என்ன பேர் வேணும்னாலும் அச்சடிச்சுக்கலாம். என் லாக்ல "கூகுள்பாட்" என்று சொல்லிக்கிட்டு வந்த பலது கூகுளே இல்லை. உண்மையா என்று பார்க்க கூகுளே ஒரு வழி சொல்லியிருக்கு. அந்த ஐபியை வச்சு டிஎன்எஸ்ல பேரைத் தேடணும், பேரு கூகுள்பாட் டாட் காம் மாதிரி கூகுளோட டொமைன்ல முடியணும், அந்தப் பேரைத் திருப்பித் தேடினால் அதே ஐபி வரணும். ரெண்டு பக்கமும் பொருந்தினால்தான் அசல். ரோபோட்ஸ் டாட் டிஎக்ஸ்டி ஃபைல்ல "வராதே" என்று எழுதி வச்சால் போதாதான்னு சிலர் நினைப்பாங்க. அது வெறும் அறிவிப்புப் பலகை. நல்லவன் படிச்சு ஒதுங்குவான், திருடன் எங்கே படிக்கப் போறான்?

எந்த இடத்துல நிறுத்தணும்?

நம்ம அப்ளிகேஷனுக்குள்ள வந்தப்புறம் "நீ பாட்" என்று கண்டுபிடிச்சால், அதுக்குள்ள சர்வர் வேலை செஞ்சு முடிச்சிருக்கும், டேட்டாபேஸ் தேடி முடிச்சிருக்கும், செலவு ஏறியிருக்கும். அபார்ட்மெண்ட்ல சேல்ஸ்மேனை கேட்லயே திருப்பி அனுப்புறதுக்கும், அஞ்சாவது மாடி ஏறி வந்து பெல் அடிச்சு, நீங்க சமையலை விட்டுட்டு வந்து கதவைத் திறந்தப்புறம் "வேணாம்" என்று சொல்றதுக்கும் உள்ள வித்தியாசம்தான்.

அந்த கேட் வேலையைத்தான் கிளவுட்ஃபிளேர் மாதிரி சிடிஎன் சேவைகள் செய்யுது. உங்க டொமைனோட டிஎன்எஸ்ஸை அவங்க வழியா மாத்திட்டால், வர்றவங்க முதல்ல அவங்க சர்வரைத்தான் தொடுவாங்க. சலிச்சு எடுத்ததுதான் உங்ககிட்ட வரும். சின்ன சைட்டுக்கு இலவச பிளானே தாராளம். பாட் ஃபைட் மோட் என்று ஒரு சுவிட்ச் இருக்கு. நமக்கு வேணும்கிற விதிகளையும் எழுதிக்கலாம். நான் எழுதின முதல் விதி, ஓடிபி ஃபார்ம் இருக்கிற பக்கத்துக்கு வெளிநாட்டு ஐபியில இருந்து வந்தால் ஒரு சோதனை. அந்த ஃபார்ம்லயே டர்ன்ஸ்டைல் என்கிற கருவியையும் சேர்த்தேன். டிராஃபிக் லைட் படம் எது என்று வாசகரைக் கஷ்டப்படுத்தாமல், பிரவுசர் நடந்துக்கிற விதத்தை வச்சே பெரும்பாலும் அது முடிவு பண்ணிடும். சர்வர் பக்கம் அதோட டோக்கனைச் சரிபார்க்கணும், அதை மறந்துட்டால் வச்சும் பிரயோஜனம் இல்லை.

இன்னொரு பழைய தந்திரமும் சேர்த்தேன், செலவே இல்லாதது. ஃபார்ம்ல மனுஷன் கண்ணுக்குத் தெரியாத ஒரு காலி கட்டம். மனுஷன் அதைப் பார்க்க மாட்டான், நிரப்ப மாட்டான். கட்டத்தைக் கண்டாலே நிரப்புற பாட், நிரப்பிட்டு மாட்டும்.

கால்குலேட்டரையும் மாத்தி எழுதினேன். முன்னாடி ஒவ்வொரு கணக்குக்கும் சர்வர் வரை போய்ட்டு வரும். இப்போ கணக்கு முழுசா வாசகரோட பிரவுசர்லயே நடக்குது. பக்கமும் சிடிஎன்லயே சேமிச்சு வச்சிருக்கு. பாட் 50,000 தடவை வந்தாலும் என் சர்வருக்குத் தெரியக்கூட தெரியாது. உண்மையைச் சொன்னால், தடுக்கிறதுக்கு எழுதின எந்த விதியை விடவும் இந்த ஒரு மாற்றம்தான் பில்லை அதிகமா குறைச்சது.

கேட்டை இறுக்கினேன், நம்ம ஆளுங்களே மாட்டினாங்க

அடுத்த தப்பு ஆர்வக்கோளாறு. "ஒரே ஐபியில இருந்து 10 செகண்டுல 20 ரிக்வெஸ்ட்டுக்கு மேல வந்தால் பிளாக்" என்று ஒரு விதி போட்டேன். ரெண்டு நாள் லாக் சுத்தமா இருந்தது. பெருமையா வேற இருந்தது.

மூணாவது நாள் ஓஎம்ஆர்ல வேலை பார்க்கிற ஒரு தம்பிகிட்ட இருந்து மெயில். "அண்ணா, உங்க சைட் எங்க ஆபீஸ்ல யாருக்குமே வரலை. இன்னிக்கு சாயங்காலம் 4 மணிக்குள்ள இன்வெஸ்ட்மெண்ட் ப்ரூஃப் குடுக்கணும்னு ஹெச்ஆர் சொல்லிட்டாங்க. எந்த ரெஜிம் லாபம்னு பார்க்கணும்." ஜனவரி மாசம். யாரோ ஒருத்தர் கால்குலேட்டர் லிங்க்கை டீம் வாட்ஸ்அப் குரூப்ல போட, மதியம் சாப்பாட்டு நேரத்துல மொத்த ஃப்ளோரும் திறந்திருக்கு. ஆபீஸ்ல எத்தனை பேர் இருந்தாலும் வெளியே தெரியுற ஐபி ஒண்ணுதான். என் விதிக்கு அது ஒரே ஒரு வெறிபிடிச்ச பாட்.

மொபைல் நெட்டும் அப்படித்தான். ஒரே ஐபி முகவரியை நிறைய வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கிறது நம்ம ஊர்ல சகஜம். ஒரு ஐபியை அடைச்சால் யாரையெல்லாம் அடைச்சீங்கன்னு உங்களுக்கே தெரியாது. என் சைட் யாருக்காக இருக்கோ, அவங்களுக்கு அது ரொம்பத் தேவைப்படுற அந்த ஒரு நாள்ல கதவைச் சாத்தியிருக்கேன். அந்தத் தம்பிக்கு போன்ல கணக்கு போட்டுச் சொன்னேன். மெயில் போடாமல் போனவங்க எத்தனை பேரோ!

வாசல்ல நிறுத்துறதுல இருக்கிற சிக்கலே இதுதான். எவ்வளவு தூரத்துல நிறுத்துறோமோ அவ்வளவு செலவு மிச்சம். ஆனா அவ்வளவு தூரத்துல இருக்கிறவனைப் பத்தி நமக்குத் தெரிஞ்சதும் ரொம்பக் கம்மி. ஐபி, வேகம், பிரவுசர் பேர், அவ்வளவுதான். அதனால இப்போ என் விதிகளில் "பிளாக்" என்ற வார்த்தையே கம்மி. சந்தேகம் வந்தால் சோதனை கொடு, தாண்டினால் உள்ளே விடு. ஒரு விதியில மாட்டினவங்கள்ல நிறைய பேர் சோதனையைத் தாண்டுறாங்கன்னு டாஷ்போர்டு காட்டினால், அங்கே நிக்கிறது மனுஷங்க, தப்பு என் விதியிலன்னு அர்த்தம். ரேட் லிமிட்டும் சைட் முழுக்க கிடையாது, ஓடிபி, லாகின் மாதிரி காசும் ஆபத்தும் இருக்கிற பக்கங்களுக்கு மட்டும். அங்கேயும் ஐபியை மட்டும் பார்க்கிறது இல்லை. ஒரு மொபைல் நம்பருக்கு ஒரு மணி நேரத்துல 3 ஓடிபி, மொத்த சைட்டுக்கும் ஒரு நாளைக்கு 300. அதைத் தாண்டினால் ஓடிபி நின்னு எனக்கு மெயில் வரும். வீட்டு பட்ஜெட்ல செலவுக்கு உச்சவரம்பு வைங்கன்னு உங்களுக்கு வீடியோ வீடியோவா சொல்ற நான், என் எஸ்எம்எஸ் கணக்குக்கு வைக்காமல் இருந்தேன்.

இவ்வளவு செஞ்சும் சர்வர்ல பழைய கூட்டம் கொஞ்சம் வந்துக்கிட்டே இருந்தது. காரணம் பின்வாசல். மெயிலுக்காக எப்பவோ போட்டு வச்ச ஒரு டிஎன்எஸ் பதிவுல என் சர்வரோட அசல் ஐபி அப்படியே வெளியே தெரிஞ்சது. கேட்டைச் சுத்தி நேரா சர்வருக்கே வந்துக்கிட்டிருந்தாங்க. கிளவுட்ஃபிளேர் தன் ஐபி பட்டியலை வெளிப்படையா கொடுத்திருக்கு. அந்த ஐபிகளைத் தவிர வேற யாரும் வெப் போர்ட்டைத் தொட முடியாதபடி சர்வர் ஃபயர்வால்ல போட்டேன். சர்வர் ஐபியையும் மாத்தினேன். நீங்க சிடிஎன் போட்டிருந்தால் முதல்ல இதைச் சரிபாருங்க.

உங்க போனே பாட் ஆகலாம்

டேட்டா சென்டர் ஐபியை எல்லாரும் சந்தேகப்பட ஆரம்பிச்சதும் பாட் நடத்துறவங்க சாதாரண வீட்டு இணைப்புகள் வழியா வர ஆரம்பிச்சாங்க. 2016-ல மிராய் என்கிற மால்வேர், பாஸ்வேர்டு மாத்தாத வீட்டு கேமரா, ரவுட்டர்களை எல்லாம் பிடிச்சுச்சு. அந்த வருஷம் அக்டோபர் 21 அன்னிக்கு டைன் என்கிற டிஎன்எஸ் கம்பெனியைத் தாக்கினப்போ ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் பல பேருக்குத் திறக்கவே இல்லை.

இப்போ திருடக்கூட வேணாம், வாடகைக்கே கிடைக்குது. "உங்க மிச்ச டேட்டாவைப் பகிருங்க, தூங்கும்போது சம்பாதிங்க" என்று வர்ற ஆப்களைப் பார்த்திருப்பீங்க. சைடு இன்கம் லிஸ்ட்ல இதைச் சேருங்கன்னு நிறைய பேர் எனக்கே எழுதியிருக்காங்க. அந்த ஆப் செய்யுறது, உங்க வீட்டு ஐபியை முகம் தெரியாத ஒருத்தருக்கு வாடகைக்கு விடுறது. அவர் அதை வச்சு விலை ஒப்பிடலாம், யாரோ ஒருத்தரோட லாகின் பக்கத்துல ஆயிரம் பாஸ்வேர்டு போட்டுப் பார்க்கலாம். அந்த சைட்டோட வாட்ச்மேன் நோட்டுல பதிவாகிறது உங்க இணைப்பு. மாசம் சில நூறு ரூபாய்க்கு இது வேணவே வேணாம், நான் பரிந்துரைக்க மாட்டேன்.

தட்கலுக்கு வருவோம். ரயில்வேயும் முதல்ல கேட்டைத்தான் பலப்படுத்தினாங்க. பாட் தடுப்பு அமைப்பு, பெரிய சிடிஎன். சந்தேகப்பட்ட 2.5 கோடி யூசர் ஐடிகளை முடக்கினாங்க. 2025 மே 22 காலை 10 மணிக்கு ஒரே நிமிஷத்துல 31,814 டிக்கெட் பதிவாச்சு, அதுவரைக்கும் அதுதான் அதிகம். ஆனா கேட்ல நிக்கிறவனுக்கு ஐபியும் வேகமும்தானே தெரியும், ஆள் யாருன்னு தெரியாதே? அதனால ஜூலை 1 முதல் ஆதார் சரிபார்த்த கணக்குக்கு மட்டும்தான் ஆன்லைன் தட்கல் என்று மாத்தினாங்க. ஜூலை 15 முதல் ஆதார் ஓடிபியும் சேர்ந்தது. முதல் அரை மணி நேரம் ஏஜெண்டுகள் தட்கல் போடக் கூடாதுன்னும் வந்தது. பாட்டுக்குக் கஷ்டம்தான், நமக்கும் ஒரு படி கூடுதல். என் சின்ன சைட்ல ஆதார் கேட்க முடியாது, கேட்கவும் கூடாது.

கணக்குப் பக்கம்

"பாட் செலவை பிசினஸ் செலவா காட்டிக்கலாம்ல சார்?" காட்டலாம், சைட் வருமானத்தை பிசினஸ் வருமானமா காட்டி, கணக்கு புத்தகம் வச்சு ஐடிஆர்-3 போட்டால். அனுமான வரி முறையில ஐடிஆர்-4 போடுறவங்களுக்குத் தனியா கழிக்க முடியாது. சம்பளத்தோட இந்த வருமானமும் இருந்தால் ஐடிஆர்-1 கிடையவே கிடையாது. கழிச்சாலும் 20 சதவீத ஸ்லாப்ல இருக்கிற ஒருத்தருக்கு 11,128 ரூபாய்ல வரி மிச்சம் சுமார் 2,226 ரூபாய். மீதி போனது போனதுதான்.

ஆட்சென்ஸ் வச்சிருக்கிறவங்க இன்னொண்ணு பார்க்கணும். மாசம் பூரா நீங்க பார்க்கிறது "மதிப்பீட்டு" வருமானம். பாட் பார்த்த, பாட் கிளிக் பண்ண விளம்பரத்துக்கான தொகையைக் கழிச்சுட்டுத்தான் இறுதித் தொகை வரும். வரிக் கணக்குக்கு அந்த இறுதித் தொகையையும் பேங்க்ல வந்ததையும் பொருத்திப் பாருங்க, மதிப்பீட்டை எடுத்து எழுதிடாதீங்க. கழிவு திடீர்னு கூடினால் லாகைத் திறக்க வேண்டிய நேரம் வந்தாச்சு.

போன மாசம் என் எஸ்எம்எஸ் செலவு 64 ரூபாய். கால்குலேட்டர் பக்கத்துக்கு வந்தவங்கள்ல சோதனை காட்டப்பட்டது 212 பேருக்கு, அதுல 9 பேர் தாண்டியிருக்காங்க. அந்த 9 பேர் எந்த விதியில மாட்டினாங்கன்னு இந்த ஞாயித்துக்கிழமை பார்க்கணும். லாகைத் திறந்து ஒவ்வொரு வரியா படிக்கிறது எப்படின்னு அடுத்த வீடியோல ஸ்கிரீன்லயே காட்டுறேன். ஓஎம்ஆர் தம்பி புதிய ரெஜிமையே எடுத்துக்கிட்டார்.